எந்த பேக்?

பெரம்பூர் லோகோ ஸ்டேஷன் எதிரில்
செல்போன் சர்வீஸ் கடைக்கு மேல்மாடி.
வகுப்பு ஏழு மணிக்கு; ஏழே காலுக்குத்தான் ஆள் சேரும்.
இன்று கெட் பேக்.

பலகையில் இங்கிலீஷில் எழுதுவேன்,
நோட்டில் அது தமிழாகிவிடும்.
வேண்டாம் வேண்டாமென்று
சொல்லி ஓய்ந்தாயிற்று.

ரஹமத்துன்னிசா கை தூக்கினாள்:
"சார், இது எந்த பேக்?
தோள்ல மாட்றதா, முதுகா,
பிஸ்கட் கம்பெனியில நாங்க பண்றதா?"
நம் எழுத்துக்கு மூன்றும் ஒன்றுதான் என்பது
அப்போதுதான் எனக்கே உறைத்தது.

முதுகு, என்றேன். பின்னால். திரும்ப.

திரும்ப என்றதும் எபினேசர் பிடித்துக்கொண்டான்.
சோறு டெலிவரி செய்கிறவன்.
நாள் முழுக்க ஹெல்மெட்டுக்குள் ஒரு பெண்குரல்,
இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்,
இடதுபுறம் திரும்பவும்.
"அந்தத் திரும்பறதா சார் இது?"
இல்லை.
தெருமுனைக்கும் வீட்டுக்கும்
சண்டை போட்ட ராத்திரி
சுவரைப் பார்த்துப் படுப்பதற்கும்
ஒரே வினையை வைத்துக்கொண்டு
எப்படியோ காலம் தள்ளியிருக்கிறோம்.

வீடு வந்து சேர்வது கெட் பேக்.
"பத்தரைக்கு கெட் பேக்," என்றான் எபினேசர்,
"மழைன்னா சொல்ல முடியாது."
அடகு வைத்ததை மீட்பதும் கெட் பேக்.
இதற்கு வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது,
மூன்று பேர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.
கூட அட் சேர்ந்தால் பழி தீர்ப்பது.
டு சேர்ந்தால்
பிறகு பதில் சொல்கிறோம் என்பது:
வீ வில் கெட் பேக் டு யூ.

அப்படி யாராவது சொன்னால்?
நன்றி சொல்லிவிட்டுக் காத்திருக்கணும்.
"எத்தனை நாள் சார்?"

சட்டைப்பையில் போன் கனத்தது.
கிண்டியிலிருந்து ஒரு கம்பெனி
இதே வாக்கியத்தை எனக்கு அனுப்பி
பதினோரு மாதம்.
அது இலக்கணத்தில் வராது, என்று
அழிக்க ஒன்றுமில்லாத இடத்தை அழித்தேன்.

ஏழே முக்காலுக்கு குணவதி வந்தாள்.
மூன்று வாரமாக
இரவல் பேனாவும் கிழித்த காகிதமுமாய் வந்தவள்.
இன்று கையில் நீல நிறத்தில் ஒரு டிராவல் பேக்,
ஜிப் போய், துப்பட்டாவால் கட்டியது.
வாய் மூடாத ஓரத்தில்
லேமினேட் செய்த மார்க் ஷீட்டின் முனை.

லேட்டுக்குத் தண்டனை, ஒரு வாக்கியம் சொல்லு.

ஆவடி வண்டி ஒன்று
ஜன்னல் கம்பிகளை உலுக்கிக்கொண்டு போனது.
அது போய் முடியும்வரை நின்றாள்.

"ஐ காட் மை பேக் பேக்."

சிரிப்பு.
"ரெண்டு வாட்டி சொல்லிட்டா சார்."
திருத்த வாயெடுத்தேன்.
ஒரு சொல்கூட அதிகமில்லை.

"எங்கேருந்து?" ரஹமத்துன்னிசா.
"கொடுங்கையூர். அவரு வீட்லேருந்து.
கேஸ் சிலிண்டர்காரன் வந்த நேரம்,
கதவு தொறந்திருந்தது."

யாரும் சிரிக்கவில்லை இப்போது.
கீழே கடையில் யாருடைய போனோ
பழுது நீங்கி
எல்லா ரிங்டோனையும் ஒருமுறை பாடிப் பார்த்தது.

குணவதி உட்காரவில்லை.
"சார், திரும்பி அங்க போக மாட்டேன்னு சொல்ல
கெட் பேக்கே போதுமா?"

யோசித்தேன். அதற்கு கெட் சரிப்படாது.
சொந்த இடத்துக்கு வந்தால்தான் கெட்.
அங்கே என்றால், கோ.

"நாட் எங்க போடணும்?"

வில்லுக்கும் கோவுக்கும் நடுவில், என்றேன்.

பேக்கை மடியில் வைத்து, அதன்மேல் காகிதம் வைத்து
எழுதிக்கொண்டாள்,
தமிழெழுத்தில்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.